தவசி விட்டுப்போன மடி

ஆவாரம்பாறையில் தவசி இறந்துபோன அன்று காலையில், நாலு ஆள் சேர்ந்து அவனை நாற்காலியிலிருந்து தூக்கியபோது ஆள் வந்துவிட்டான், மடி மட்டும் வரவில்லை. எழுந்து நின்றால் மடி காணாமல் போய்விடும் என்பதுதான் உலகத்தில் எல்லோருக்கும் உள்ள வழக்கம். தவசிக்கு அந்த வழக்கத்தில் உடன்பாடு இல்லை போலிருக்கிறது. அவனைப் பாயில் கிடத்தித் திருநீறு பூசி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்த நேரத்தில், கையில் பிள்ளை இருந்ததால் மாரில் அடித்துக்கொள்ள வசதிப்படாத பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, காலியாகக் கிடந்த அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போனாள். பிள்ளை விழவில்லை, சாயவில்லை, லேசாக மேலும் கீழும் ஆடிக்கொண்டே கெக்கலி கொட்டிச் சிரித்தது.

சாவு வீட்டில் யார் சிரிக்கிறது என்று கூட்டமே திரும்பிப் பார்த்தது. தவசியின் சித்தப்பா மகன் குபேந்திரன் போய்ப் பிள்ளையைத் தூக்கிவிட்டு நாற்காலிக்குள் கையை வைத்துப் பார்த்தான். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கைக்கு வெதுவெதுப்பாக இரண்டு தொடை இருந்தது, முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது.

"தவசிதான். காலாட்டுறான்," என்றான்.

மடியை விட்டுவிட்டு எப்படித் தூக்குவது என்று பாடை கட்டியவர்கள் தயங்கினார்கள். சுடுகாட்டிலிருந்து வந்திருந்தவர்தான், வந்த வரைக்கும் போதும்ப்பா, மிச்சம் பிறகு நடந்து வரட்டும் என்று சொல்லி முடித்துவைத்தார். அந்தக் கூட்டத்தில் ஆச்சரியப்படாத ஒரே ஆள் அவன் அக்கா போதுமணி. செய்தாலும் செய்வான் என்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு ஏழு வயதாயிருந்தபோது பிறந்தவன் தவசி. அம்மா காட்டு வேலைக்குப் போய்விட, இடுப்பில் வைத்தும் மடியில் வைத்தும் அவனை வளர்த்தவள் அவள்தான். அவனிடம் அவளுக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று உண்டு. உட்கார்ந்தால் காலை ஆட்டுவான். சாப்பிடும்போது ஆட்டுவான், சாமி கும்பிட உட்கார்ந்தால் ஆட்டுவான், பரீட்சைக்கு ஆட்டிய ஆட்டில் பெஞ்சில் இருந்த மற்றவர்களும் சேர்ந்து ஃபெயில் ஆனார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. "காலை ஆட்டாதடா, குடும்பத்துக்கு ஆகாது," என்பாள் போதுமணி. உடனே நிறுத்துவான். அவள் அந்தப் பக்கம் திரும்பினால் மறுபடி ஆரம்பித்துவிடுவான்.

பெரியவனாகி வாடகைக் கடை வைத்தான். பந்தல், பாத்திரம், சீரியல் பல்பு, நாற்காலி. நாற்காலி எல்லாம் ஒரே சிவப்பு; முதுகில் வெள்ளைப் பெயிண்டில் 'த' என்று எழுதியிருக்கும். ஆவாரம்பாறையில் பிறந்தவன், வளர்ந்தவன், சடங்கானவள், கட்டிக்கொண்டவர்கள், செத்தவன் எல்லோருக்கும் அந்த 'த'தான். கடைக்கு அவன் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: துக்க வீட்டிலிருந்து கேட்டு வந்தால் இல்லை என்று சொல்லக் கூடாது. கல்யாணக்காரன் நாள் பார்த்து வருவான், அவனைத் திருப்பி அனுப்பலாம். துக்கக்காரன் நாள் பார்த்தா வருகிறான்?

தவசிக்கு ரத்தத்தில் நோய் என்று மதுரையில் பெரிய டாக்டர் சொன்ன மாதத்தில்தான், கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து, இனி இல்லை என்று எல்லோரும் விட்டுவிட்ட பிறகு, போதுமணி முழுகாமல் இருந்தாள். ஒரே வீட்டில் ஒருத்தருக்கு வாந்தி இதனால், ஒருத்தருக்கு வாந்தி அதனால். அவள் கணவன் பால்பாண்டி இரண்டு பேருக்கும் ஒரே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டு திரிந்தான்.

தவசி உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை. ஒரு விசேஷத்துக்குச் சாமான் ஏற்றுகிற மாதிரி தன் சாவுக்கு ஏற்பாடு செய்ய ஆரம்பித்தான். வயிற்றைத் தள்ளிக்கொண்டிருந்த அக்காளைக் குட்டியானை வண்டியில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்காரவைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தான். கண்மாய்க் கரையில் அவள் மேய்கிற மாடுகளைப் பார்த்து ஹாரன் அடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினாள். பால்பாண்டிக்குப் பந்தல் முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தான். பிறக்கப்போவது பெண்தான் என்று அவனே முடிவு செய்து, ஆசாரியிடம் சொல்லி பொட்டுத் தோடு ஒரு ஜோடி அடித்து வைத்தான்.

"இம்புட்டையும் இப்பமே எதுக்குடா?" என்று கேட்டாள் போதுமணி.

"நான் இருக்கப்ப செஞ்சா ஏற்பாடு. இல்லாதப்ப செஞ்சா கஷ்டம்லக்கா?"

"வாயக் கழுவு."

"கழுவுனா போயிருமா? சரி, எல்லாம் ஆச்சு. ஒண்ணுதான் இடிக்குது. பிள்ளைக்குக் காது குத்த மடி வேணுமே."

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் இல்லாவிட்டால் முறைக்கு ஒரு பங்காளி உட்காருவான். அப்படி ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் பிறகு சடங்குக்கு ஓலைக்குச்சு கட்டுவதிலிருந்து கல்யாணத்துக்கு மாலை போடுவது வரை அவன்தான் மாமன். இருந்தவனின் இடம் அதோடு அழிந்துபோகும். குபேந்திரன் நல்ல பையன்தான். ஆனாலும் தவசிக்கு மனசில்லை, போதுமணிக்கு அதைவிட மனசில்லை.

அன்றிலிருந்து அவன் கடை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிற வருகிற பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு மடியில் வைத்துப் பழக ஆரம்பித்தான். மருந்து அவனை உரித்துக்கொண்டே வந்தது. முடி போனது, குரல் போனது, தொடையில் சதை போனது. நாற்காலியை விட்டு மட்டும் எழுந்திருக்க மாட்டேன் என்றான். ஒரு நாள் மத்தியானம் கஞ்சி கொண்டு போன போதுமணி அவன் காலைப் பார்த்தாள். ஆடவில்லை. அவள் இருக்கிறாளே என்று நிறுத்தியிருப்பான் என்று நினைத்து, போய்விட்ட மாதிரி போக்குக் காட்டிக் கதவிடுக்கில் நின்று பார்த்தாள். அப்போதும் ஆடவில்லை. அவள் வாழ்க்கை முழுக்க ஆட்டாதே ஆட்டாதே என்று சொன்ன கால். ஒரு ஆட்டு ஆட்டுடா சாமி என்று கதவைப் பிடித்துக்கொண்டு வேண்டி நின்றாள். தம்பி இனி பிழைக்க மாட்டான் என்று அவளுக்கு டாக்டர் சொல்லித் தெரியவில்லை, அந்தக் கால் சொல்லித்தான் தெரிந்தது.

அப்படிப்பட்டவன் மடி, அவன் போன பிறகு, முன்னைவிட ஜோராக ஆடியது.

ஏன், எப்படி என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் கேட்டு முடிப்பதற்குள் அதற்கு வேலை வந்துவிட்டது. ரேஷன் கடைக்குப் போகிற பெண்கள் பிள்ளையை மடியில் போட்டுவிட்டுப் போனார்கள். தூங்காமல் அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல தொட்டில் ஊரில் கிடையாது. மாமன்காரன் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற வீடுகளிலிருந்து மொட்டைக்கும் காது குத்துக்கும் நாற்காலியை வண்டி வைத்து அழைத்துப் போனார்கள்; மற்ற நாற்காலியை எடுத்துப் போவார்கள், இதை மட்டும் அழைத்துப் போவார்கள். மாமன் என்றால் சும்மாவா, தோளில் துண்டு போட்டார்கள், சந்தனம் பூசினார்கள், பந்தியில் இலை போட்டு, சாப்பிட வாய் இல்லையே என்று பிறகு எடுத்தார்கள். ஒரு வீட்டு விசேஷத்துக்கு அடித்த ஃப்ளெக்ஸில், மாமன் படம் போடுகிற இடத்தில் நாற்காலியின் படத்தைப் போட்டு, பின்னால் ஒரு சிங்கத்தையும் நிறுத்தியிருந்தார்கள். இப்படியொரு சங்கதி நடக்கிறதாமே என்று விசாரிக்க வந்த போலீஸ்காரர் ஒருவர் தெரியாத்தனமாக அதிலேயே உட்கார்ந்துவிட்டு, தன் சொந்தத் தாய்மாமனைப் பற்றிச் சாயங்காலம் வரை பேசிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு போனார். வழக்கு ஒன்றும் பதிவாகவில்லை.

ஊரில் அதில் உட்காராத ஒரே ஆள் போதுமணி. பெருக்கும்போது சுற்றிப் பெருக்குவாள், துடைக்கும்போது தலையைத் திருப்பிக்கொண்டு துடைப்பாள்.

"ஒரு தடவ உக்காந்துதான் பாரேன் புள்ள," என்பான் பால்பாண்டி.

"என் மடியில வளந்த பயடா... பயங்க. அவன் மடியில போயி நான் உக்காரவா?" என்று சிரித்து மழுப்புவாள். உண்மை அது இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயந்தாள். வாடகைக் கடையை யார் பார்ப்பது, குட்டியானையை யார் ஓட்டுவது? மற்ற நாற்காலிகளோடு கலந்துவிடக் கூடாதென்று அதன் கையில் ஒரு மஞ்சள் துணியை மட்டும் கட்டி வைத்தாள்.

சொன்ன மாதிரியே பெண் பிறந்தது. தவச்செல்வி என்று பெயர் வைத்தார்கள். அவள் பேசிய முதல் வார்த்தை மாமா. அது நாற்காலியைப் பார்த்து. மூன்றாவது வயதில் குலசாமி கோயிலில் காது குத்து என்று வைகாசியில் நாள் குறித்தார்கள், காலை பத்தரைக்குள் நல்ல நேரம்.

தன் வீட்டு விசேஷம் என்பதால் முந்தின நாள் போதுமணியே உட்கார்ந்து எல்லா நாற்காலியையும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தம்பியின் நாற்காலியையும் தேய்த்தாள், அழுக்காக இருக்கிறதே என்று மஞ்சள் துணியை அவிழ்த்துத் துவைத்துக் கொடியில் போட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது. வாடகைக் கடைக்காரர் கை இருக்கிறதே, அது ஈர நாற்காலியைப் பார்த்தால் சும்மா இருக்காது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிடும். வாய் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டிருக்க, கை அடுக்கி முடித்துவிட்டது. விடிந்ததும் ஆட்கள் வந்து அடுக்கு அடுக்காகத் தூக்கிக் கோயிலுக்கு ஏற்றினார்கள். அதே நேரத்தில் கீழத்தெருவில் தொண்ணூறைத் தாண்டிய பெத்தணத் தாத்தா கண்ணை மூட, துக்க வீட்டுக்கு இல்லை என்று சொல்லக் கூடாதல்லவா, பால்பாண்டி இரண்டு அடுக்கை அங்கேயும் இறக்கிவிட்டான்.

கோயிலில் பிள்ளைக்கு மொட்டை போட்டு, சந்தனம் தடவி, பட்டுப்பாவாடை கட்டி, மாமனை அழைச்சிட்டு வாங்கப்பா என்று சொன்ன பிறகுதான், கொடியில் கிடந்த மஞ்சள் துணி போதுமணிக்கு ஞாபகம் வந்தது. நெஞ்சுக்குள் யாரோ பாத்திரத்தைப் போட்டு உடைத்த மாதிரி இருந்தது.

"எல்லாரும் எந்திரிங்க," என்று கத்தினாள். "எந்திரிச்சு பக்கத்து சேர்ல உக்காருங்க. ஆடுதான்னு பாருங்க."

அப்புறம் அங்கே நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். மீசைக்காரர்களும் பட்டுச்சேலைக்காரிகளும் கைக்குழந்தைக்காரிகளும் எழுந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஆடவில்லை என்று எழுந்து, அடுத்ததில் உட்கார்ந்து, இங்கே ஆடுகிறது என்று ஒருவர் கூவ, அது கால் உடைந்த நாற்காலி என்று தெரிந்து அவரோடு சாய, சமையல்காரர் கரண்டியோடு வந்து உட்கார்ந்து பார்க்க, பூசாரி தட்டோடு உட்கார்ந்து பார்க்க, கோயில் திடல் முழுக்க ஜனம் உட்கார்வதும் எழுவதுமாக ஒரு வெள்ளாமைக் காட்டில் காற்று போன மாதிரி இருந்தது. எதுவும் ஆடவில்லை.

குபேந்திரன் ஒரு ஓரமாக நின்றான். பட்டுச் சட்டை, கரை வேட்டி. எதற்கும் தயாராக வந்திருந்தான், பாவம். "அக்கா, நேரம் போகுதுக்கா. நான் வேணும்னா..." என்றான்.

"ஒனக்குக் கும்புடு போடுறேன் குபேந்திரா, ஒரு அஞ்சு நிமிசம் பொறு," என்று சொல்லிவிட்டு, போதுமணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குட்டியானையை எடுத்தாள்.

"ஏத்தா, நல்ல காரியத்தை வச்சுக்கிட்டு எழவு வீட்டுக்கா போற?" என்று பெரியவர்கள் மறித்தார்கள். ஹாரனை அடித்தாள். மாடுகளிடம் கேட்ட மன்னிப்பை அவர்களிடம் கேட்கவில்லை. குபேந்திரன் ஓடிவந்து பின்னால் தொற்றிக்கொண்டான்.

கீழத்தெருவில் கல்யாணச் சாவு. பேரன் பேத்தி எடுத்து, கொள்ளுப்பேரன் எடுத்து, பல் போய், மறுபடி ஒரு பல் முளைத்த பிறகு செத்தவர் பெத்தணத் தாத்தா. அழ ஆள் இல்லை, ஆடத்தான் ஆள் இருந்தது. தப்பு மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. போதுமணி நாற்காலிகளைப் பார்த்தாள், எது ஆடுகிறது என்று. அந்த அடிக்கு எல்லோர் காலும் ஆடிக்கொண்டிருந்தது. எல்லா நாற்காலிகளும் ஆடின. செத்தவரைச் சாத்தி வைத்திருந்த நாற்காலிகூட ஆடியது.

அவளுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவு ஏற்பாடும் செய்துவிட்டுப் போனானே, அவன் விட்டுப்போன ஒன்றைக்கூட என் கையால் தொலைத்துவிட்டேனே என்று நின்றாள். தண்ணீர் டிரம் பக்கத்தில் ஒரு நாற்காலியில் மாலைகளைக் குவித்து வைத்திருந்தார்கள்; என்ன காரணமோ அதில் பாதி சரிந்து கீழே கிடந்தன. மிச்சத்தை அள்ளித் தரையில் வைத்துவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தாள்.

அந்தத் தெருவில் ஆடாத நாற்காலி அது ஒன்றுதான்.

இதுவும் இல்லை என்று எழுந்திருக்கப் போனவள், எழுந்திருக்கவில்லை. பிளாஸ்டிக் குளிர்ச்சியாக இல்லை. எலும்பும் தோலுமாக இரண்டு முழங்கால், ஒன்றோடொன்று ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் இருந்தன. ஆட்டினால் அக்கா திட்டுவாள் என்று பயந்த பிள்ளை எப்படி அடக்கிக்கொண்டிருக்குமோ அப்படி அடக்கிக்கொண்டிருந்தன. ஊருக்கெல்லாம் ஆடிய மடி அவள் ஒருத்திக்கு மட்டும் பணிந்து இருந்தது. போதுமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அவன் செத்த அன்றுகூட அழாத அழுகையை அழுதாள். தாத்தாவுக்காக அழுகிறாள் என்று நினைத்துத் தாத்தா வீட்டார் சந்தோஷப்பட்டார்கள். காலையிலிருந்து அவருக்காக அழுத முதல் ஆள் அவள்தான்.

பயந்த மாதிரி ஆகவில்லை. அழுது முடிந்ததும் எழுந்திருக்க முடிந்தது.

"இதுவாக்கா?" என்றான் குபேந்திரன்.

"இதுதான்டா."

"ஆடலையே?"

"எனக்கு ஆடாது."

அவன் நாற்காலியைத் தூக்கிப் பட்டுச் சட்டையோடு தலையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறி நின்றான். வழியெல்லாம் அவன் தலை ஆடிக்கொண்டே வந்தது. ரோடு சரியில்லை என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

கோயிலில் இறக்கியதும் பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார். "எழவு வீட்டுல கெடந்த சேரு. இதுல வச்சா பச்சப் புள்ளைக்குக் காது குத்துறது?"

"மாமா," என்றாள் போதுமணி, மூச்சு வாங்கிக்கொண்டு. "ஒங்க அறுபதாங் கல்யாணத்துல மாலையும் கழுத்துமா உக்காந்து போட்டோ எடுத்தீகளே, அந்தச் சேரு அதுக்கு மொத நா எங்க கெடந்துச்சுன்னு நெனைக்கிறீக? இந்த ஊர்ல எழவு வீட்டுக்குப் போகாத சேரு எது? இப்ப எல்லாரும் எதுல உக்காந்திருக்கீக?"

உட்கார்ந்திருந்தவர்கள் தங்களுக்குக் கீழே பார்த்துக்கொண்டார்கள். பிறகு சமையல்காரர் கரண்டியைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பெரியவரும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டு, நேரமாகுது, ஆகுற வேலையப் பாருங்கப்பா என்று துண்டை உதறினார். குபேந்திரனே நாற்காலிக்குச் சந்தனம் பூசித் துண்டு போட்டான்.

தவச்செல்வியை உட்காரவைத்தார்கள். உட்கார்ந்த உடனே மடி ஆடத் தொடங்கியது. ஆசாரி ஊசியைக் காது பக்கம் கொண்டுபோவார், காது மேலே போகும். மேலே கொண்டுபோவார், காது கீழே வரும்.

"தவசியக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுத்தா. கண்ணு கிண்ணுல குத்திரப் போறேன்."

"ஆட்டாதடா," என்றாள் போதுமணி, மூன்று வருஷத்துக்குப் பிறகு.

நின்றுவிட்டது. ஆசாரி ஒரு காது குத்தினார், மறு காது குத்தினார், தவசி அடித்து வைத்த தோட்டைப் போட்டுத் திருகினார். பிள்ளை வீறிட்டு அழுதது. மிட்டாய் காட்டினார்கள், கிலுகிலுப்பை காட்டினார்கள், குபேந்திரன் குரங்கு மாதிரி செய்து காட்டினான், அழுகை நிற்கவில்லை. மடி அசையாமல் இருந்தது. அக்கா சொல்லிவிட்டாளே.

போதுமணி நாற்காலி முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். பிள்ளையின் பட்டுப்பாவாடைக்குக் கீழே கையை விட்டு, அந்த முழங்கால் இரண்டின் மேலும் கையை வைத்தாள்.

"ஆட்டிக்கடா தம்பி. இனிமே ஒன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒன் இஷ்டத்துக்கு ஆட்டு."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. நம்பவில்லை போலிருக்கிறது. பிறகு முழங்கால் ஒரு தடவை ஆடியது. அவள் திட்டுகிறாளா என்று பார்க்கிற மாதிரி நின்றது. திட்டவில்லை என்றதும் மறுபடி ஆடி, ஆடி, பந்தல் கம்பில் கட்டிய மாவிலையெல்லாம் குலுங்குகிற அளவுக்கு ஆடியது. பிள்ளை கன்னத்தில் கண்ணீரோடு, புதுத் தோடு இரண்டும் மினுங்க, அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

போதுமணி எழுந்து, யாரும் சொல்லாமலே பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் காலையும் ஆட்டத் தொடங்கினாள்.